என் பெயரில் கோப்பை கழுவியவர்

எட்டு வருடங்கள் நான் பாரிஸில் முதல்தரமான தொழிலாளியாக இருந்தேன். ஒருநாளும் பிந்திப் போனதில்லை. காய்ச்சல் என்று படுத்ததில்லை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் உணவக முதலாளி எனக்கு ஒரு பெட்டி சொக்லேட் கொடுத்தார். இதில் ஒரேயொரு பிசகு: முதல் பதினொரு நாட்களைத் தவிர, அந்த எட்டு வருடமும் நான் அந்த உணவகத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

மிதித்தவர் வேறொருவர்.

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் வேலை தேடுவது அப்படியொன்றும் கடினமில்லை. மெத்ரோ ரயில் படியிறங்கி, ரூ பெர்தொனே தெருமூலையிலுள்ள தேத்தண்ணிக் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், யாராவது விசாரிப்பார்கள். என்ன வேலை தெரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. "காட் இருக்கோ?" என்பதுதான் கேள்வி. காட் என்றால் வதிவிட அட்டை. அது இருந்தால் உங்களுக்கு எல்லா வேலையும் தெரியும். இல்லையென்றால், ஊரில் நீங்கள் வங்கி மனேச்சராக இருந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது.

எனக்குக் காட் இருந்தது. ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவ ஆள் வேண்டும் என்று அனுப்பினார்கள். பதினொரு நாள் கழுவினேன். பன்னிரண்டாம் நாள் காலையில் நான் கட்டிலை விட்டு எழும்பினேன், முதுகு எழும்பவில்லை. ஒருமாதிரி நொண்டி நொண்டித் தேத்தண்ணிக் கடைக்கு வந்து, பிரெஞ்சுக்காரர் ஒரு வாய் சாப்பிட ஏன் ஏழு கோப்பை தேவைப்படுகிறது என்று ஊருக்கெல்லாம் முறையிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் தன் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, அப்ப உம்மடை பேருக்கு இண்டைக்கு வேலை இல்லையோ?"

"என்னாலை ஏலாது, அண்ணை."

"உம்மாலை ஏலாட்டிப் பரவாயில்லை. பேருக்கு முதுகு நோகாதுதானே. அதை ஏன் சும்மா வைச்சிருக்கிறீர்?"

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் பூட்டியிருப்பார். அகதிக் கோரிக்கை இரண்டு முறை நிராகரிக்கப்பட்டு, காட் இல்லாமல் பாரிஸில் இருந்தார். லா சப்பல் கணக்கில் ஒன்றும் தெரியாதவர்.

அன்று மத்தியானமே அவர் நானாகப் போனார். நான் பனையளவு நெடுவல், கரிய மீசைக்காரன். அவர் என் தோளுக்குத்தான் வருவார், முன்தலையில் மயிர் இல்லை, மீசையும் இல்லை. முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மீசையை எடுத்துவிட்டாயா, தயா?" என்று மட்டும் கேட்டாராம். இவர் ஓம் என்பதற்கு "உய்" என்றாராம். அத்தோடு சரி.

என் பெயர் தயாபரன். கருணையுள்ளவன் என்று அர்த்தம். ஆளோடு பழகிப் பார்க்காமல் வைக்கிற பெயர்கள் இப்படித்தான் அமைகின்றன.

சம்பளம் என் வங்கிக் கணக்குக்கு வரும், நான் எடுத்து அப்படியே அவர் கையில் கொடுப்பேன். பெயரை வாடகைக்கு விட்டு மாதாமாதம் ஒரு பங்கு வெட்டுகிறவர்கள் லா சப்பலில் இருக்கிறார்கள். நான் வெட்டவில்லை. இந்தக் கதையில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள இருக்கிற நல்ல விஷயம் இது ஒன்றுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானோ ரூ பிலிப்-து-ஜிராரில் மச்சானின் கடையில் கைக்காசுக்குத் தேங்காய் அடுக்கினேன். சம்பளச் சிட்டையும் இல்லை, பதிவும் இல்லை. உடம்பு ஓரிடத்திலும் பெயர் இன்னோரிடத்திலுமாக நான் இரண்டு வேலை பார்த்தேன். பெயர் பார்த்த வேலைதான் நல்ல வேலை.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. உணவகத்தில் தனக்கு நடந்த எதையும் தனக்கு நடந்ததாகச் சொல்லமாட்டார். வேலை முடிந்து கடைக்கு வந்து, தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்கு அறிக்கை சமர்ப்பிப்பார்.

"இண்டைக்கு உம்மைச் சமையல் செவ் பாராட்டினவர்."

"எதுக்கண்ணை?"

"பெரிய சட்டியின்ரை அடிக்கரியைச் சுரண்டி எடுத்துப்போட்டீர். முகம் பாக்கலாம்."

இன்னொரு நாள்: "உமக்கு இண்டைக்குக் கொஞ்சம் கோவம் வந்திட்டுது. உந்தப் புதுப் பெடியன் முள்ளுக்கரண்டியையும் கத்தியையும் ஒண்டாய்ப் போட்டுட்டான். ஆனால் நீர் ஒண்டும் கதைக்கேல்லை. அடக்கிப்போட்டீர்."

"நல்ல காரியம், அண்ணை. நான் எண்டால் ஏசியிருப்பன்."

"ஓம். அதாலைதான் உம்மை அங்கை விடேல்லை."

உணவகத்தின் தொலைபேசியிலிருந்து எடுத்தால், முதலாளி பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காக என் பெயரைச் சொல்லியே கதைப்பார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கத்துவாள்: "பப்பா, சே த்துவா!" போனில் இருக்கிறது நீதான் என்று அர்த்தம். அவளுக்கு அதில் ஆச்சரியமே இருக்கவில்லை. எல்லா அப்பாக்களும் வேலையிடத்திலிருந்து வீட்டிலிருக்கிற தங்களோடு கதைப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

பெயர் கிடைத்த முதல் கிழமையே என்னிடம் கேட்டார்: "தம்பி, உம்மடை நட்சத்திரம் என்ன?"

"ஏனண்ணை, எனக்குப் பொம்பிளை பாக்கப் போறியளோ? இருக்கிற ஒண்டுக்கே பதில் சொல்லேலாமல் இருக்கு."

"விசர்க் கதை கதையாமல் சொல்லும்."

"சதயம்."

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஓய்வு நாள். செவ்வாய் தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வார். தயாபரன், சதய நட்சத்திரம். என் பெயருக்குத்தானே வேலை, அதனால் என் பெயருக்குத்தான் அர்ச்சனை. பிறகு கடதாசியில் மடித்த திருநீற்றைக் கடைக்குக் கொண்டுவந்து நீட்டுவார். "இந்தாரும், உம்மடை."

"உங்களுக்கு?"

"எனக்கென்னத்துக்கு? என்ரை பேரிலை இஞ்சை ஒண்டுமில்லையே, தம்பி."

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டுதான் பூசிக்கொள்வேன்.

என் பெயரை அவர் கஞ்சி போட்ட வேட்டியைப் போல வைத்திருந்தார். மெத்ரோவில் எப்போதும் ரிக்கற் எடுப்பார். பச்சை விளக்கு எரியாமல் தெருவைக் கடக்கமாட்டார். நான் இரண்டு தடவை ரிக்கற் இல்லாமல் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து அபராதம் வாங்கியதைக் கேள்விப்பட்டபோது, எட்டு வருடத்தில் ஒரேயொரு முறை என்னிடம் உண்மையாகவே கோபப்பட்டார். "இந்தப் பேரிலை ரெண்டு குடும்பம் சீவிக்குது. நீர் அதைத் தூக்கிக்கொண்டு கண்டபடி பாய்ஞ்சு திரியிறீர்!"

ஐந்தாம் வருடம் ஒருநாள் கடைக்கு வந்தார். வலது கையைத் துவாயால் சுற்றியிருந்தார்.

"உமக்குக் கை சுட்டுப்போச்சு, தம்பி."

நான் என்னை அறியாமல் என் கையைத் தூக்கிப் பார்த்தேன். அதற்கு மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். துவாயை விலக்கிய பிறகு அவனும் சிரிக்கவில்லை. பொரிக்கிற எண்ணெய். முழங்கையிலிருந்து விரல்கள் வரை தோல் வழன்றிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவம், அண்ணை!"

"ஆற்றை பேரிலை?" என்று கேட்டார்.

என் பெயரில் போனால் வேலையிட விபத்து என்று எழுதுவார்கள். ஆய்வாளர் வருவார், கையைக் காட்டச் சொல்வார், என் கை தேங்காய் நார்க் கீறல் தவிர வேறெந்தக் காயமும் இல்லாமல் வழுவழுவென்றிருக்கும். அவர் பெயரில் போனால், அவருக்கு அந்த உணவகத்தில் என்ன வேலை என்று கேட்பார்கள். மருந்துக்கடையில் களிம்பு வாங்கினோம். மூன்றாம் நாள் இரண்டு சோடி கையுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சின்ன விரலும் அடுத்த விரலும் வளைந்தபடியே நின்றுவிட்டன. "பரவாயில்லை," என்றார், "கோப்பை பிடிக்க இதுதான் வசதி."

அவருக்கு ஊரில் மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கை உணவகத்தின் பின்கதவடியில் நின்று வீடியோவில் பார்த்தவர். கல்யாணத்துக்காவது போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. போய்வர. காட் இல்லாதவனுக்குப் போவது சுலபம், வருவதுதான் இல்லை.

எட்டாம் வருடம் நான் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். நிரந்தர வேலை, தொடர்ச்சியான சம்பளச் சிட்டைகள், ஒழுங்கான வரிக் கடதாசி எல்லாம் கேட்டிருந்தார்கள். எல்லாம் என்னிடம் இருந்தன, மாதம் ஒன்றாக, ஒன்றும் விடுபடாமல், அவர் கழுவிக் கொடுத்தவை. நேர்காணலுக்குக் கூப்பிட்டபோதுதான் அண்ணையிடம் ஓடினேன். என் வேலையைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியாது.

பாரிஸுக்கு வெளியே பொண்டியிலுள்ள எங்கள் வீட்டுக்கு இரண்டு ஞாயிறு வந்து எனக்குப் பாடம் எடுத்தார். நான் நானாக இருப்பது எப்படி என்று அவர் எனக்குச் சொல்லித் தந்தார்.

"நீர் எந்தக் கதவாலை உள்ளுக்குப் போவீர்?"

"முன்கதவாலை."

"முன்கதவாலை போக நீர் என்ன மந்திரியோ? பின்கதவு. குப்பை வாளி தாண்டி, இடப்பக்கம். மெசின் எத்தினை பாகையிலை ஓடும்?"

"நூறு?"

"கோப்பை அவியப் போடுறீரோ? அறுபதிலை கழுவும், எண்பத்தைஞ்சிலை அலசும். செவ்வுக்கு எத்தினை பிள்ளையள்?"

"அதையுமோ கேப்பினம்?"

"எட்டு வருசம் ஒண்டாய் வேலை செய்யிறீர். தெரியாட்டி மனுசனோ நீர்?"

என் மனைவி குசினியில் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "அண்ணை, இந்தாளுக்குப் பதிலா நீங்களே நேர்காணலுக்கும் போனால் என்ன?" என்றாள். அவரும் சிரித்தார். பிறகு, "அங்கை முகம் பாப்பினம், பிள்ளை," என்றார்.

குடியுரிமை விசாரிக்கிற பிரெபெக்தூர் அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். மெசினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்த வேலையில் உங்களுக்குப் பிடித்தது என்ன?" என்று கேட்டார். எனக்குத் தேங்காய்தான் ஞாபகம் வந்தது. அப்போது அண்ணை எப்போதோ கடையில் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது, அதை என்னுடைய உடைந்த பிரெஞ்சில் சொன்னேன்: "கடைசிக் கோப்பையையும் அடுக்கின பிறகு, அங்கே ஒருவரும் சாப்பிடாத மாதிரி இருக்கும். அது எனக்குப் பிடிக்கும்." அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு அதை எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அண்ணை ஒரு பிளாஸ்டிக் கோவையோடு கடைக்கு வந்தார். வக்கீலைப் பார்த்துவிட்டு வருகிறார். இத்தனை வருடம் வேலை செய்ததற்குச் சிட்டைகள் இருப்பதால் அவருக்குக் காட் கேட்கலாமாம். ஆனால் சிட்டைகளில் இருப்பது என் பெயர். தயாபரன் என்ற பெயரில் வேலை செய்தது இந்த மனிதர்தான் என்று இரண்டு கடிதங்கள் வேண்டும். ஒன்று முதலாளியிடமிருந்து.

"முதலாளிக்கு எப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சொன்னனான். தனக்கு முதல் நாளே தெரியுமாம். கோப்பை துப்புரவாய் இருந்துது, நான் ஏன் கேக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டு, உடனை எழுதித் தந்திட்டார்."

"மற்றது?"

அவர் கோவையைத் தேங்காய்களின் மேல் வைத்தார். வக்கீல் தட்டெழுதிய ஒரு பக்கம். கீழே என் பெயர், அதன்மேல் ஒரு வெறும் கோடு.

"மற்றது உம்மடை கையெழுத்து, தம்பி."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பகிடி விட்டேன். "அண்ணை, எட்டு வருசமாய் என்ரை கையெழுத்தையும் நீங்கள்தானே போடுறியள். இதையும் நீங்களே போடுங்கோவன்!" என்றேன். மச்சான் சிரித்தான். அவரும் கொஞ்சம் சிரித்தார். கடதாசியை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வீட்டில் மனைவி முதலில் என்னைப் பிடித்து ஏசினாள். "அந்த மனுசன் எட்டு வருசம் உங்கடை பேரைக் கழுவித் துடைச்சு வைச்சிருக்குது. ஒரு கையெழுத்து வைக்க உங்களுக்குக் கை கூசுதோ?" கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். 'என் வதிவிட அட்டையை இன்னொருவர் பாவிப்பதற்கு நான் அறிந்தே கொடுத்தேன்' என்ற வரி வந்தது. மனைவி கடிதத்தை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு, "உங்கடை குடியுரிமைப் பைல் உள்ளுக்கை கிடக்குதெல்லே," என்றாள். "பிள்ளையையும் யோசிக்கவேணும். அது வந்தாப்பிறகு வைச்சுக் குடுப்பம்."

அடுத்த தடவை அவர் வந்தபோது பேனை முடிந்துவிட்டது என்றேன். அதற்கடுத்த தடவை, எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான் என்றேன். நான்காவது தடவை பகிடி முடிந்துபோய் உண்மையைச் சொன்னேன்.

"என்ரை பைல் வரட்டும், அண்ணை. வந்த அண்டைக்கே கையெழுத்து."

"ஓம், ஓம்," என்றார். "அதுவும் சரிதான். பேர் பழுதாய்ப் போனால் ரெண்டு பேருக்கும் இல்லை." என் முகத்தைப் பார்க்காமல், ஒரு தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை உமக்கு அர்ச்சனை செய்தனான். கெதியா வரும்."

பைல் வருவதற்கு முன்னர் பொலிஸ் வந்தது. மெத்ரோப் பாலத்துக்குக் கீழே, பட்டப்பகலில், ஆட்களை மறித்துக் கடதாசி கேட்டார்கள். அவருடைய சட்டைப் பையில் என் காட்டின் பிரதியும் அந்த மாதச் சிட்டையும் இருந்தன. அப்படியானவற்றைக் காட்டித் தப்பியவர்கள் எத்தனையோ பேர். அவர் காட்டவில்லை. தன் சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

நாடு கடத்துவதற்காக ஆட்களை அடைத்து வைக்கிற இடத்திலிருந்து எனக்கு எடுத்தார்.

"ஏனண்ணை என்ரை பேரைச் சொல்லேல்லை?"

"சொன்னால் உம்மடை பைல் நிண்டிருக்குமே. காட் கொப்பியைப் பொலிஸ் வானுக்குள்ளை வைச்சுச் சப்பி விழுங்கிப்போட்டன். உம்மடை மூஞ்சி சரியான கசப்பு, தம்பி."

அவர் எனக்கு விட்ட கடைசிப் பகிடி அதுதான். நான் பெரிதாகச் சிரித்தேன். பிறகு அவர் சொன்னார்: "வக்கீல் சொல்லுறார், அந்தக் கடிதம் இப்ப குடுத்தால் நிப்பாட்டிப் பாக்கலாமாம்." அந்தப் பக்கத்தில் யாரோ கதவை அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. "ஏலாட்டிப் பரவாயில்லை," என்றார்.

கடிதம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. ஏழு நாள் அதைப் பார்த்துக்கொண்டே பால் எடுத்தேன். எட்டாம் நாள் காலை கையெழுத்து வைத்தேன். வக்கீலுக்கு எடுத்தபோது, முதல்நாள் மாலை அவரை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள் என்றார்.

போனார். வரவில்லை.

அந்த வாரமே உணவகத்திலிருந்து எனக்குப் பதிவுத் தபால் வந்தது. முன்னறிவித்தல் இன்றி வேலைக்கு வராதபடியால் என்னை நீக்குகிறார்களாம். சட்டப்படி அப்படித்தான் எழுத முடியுமாம். என் வாழ்க்கையிலேயே ஒழுங்காகப் பார்த்த ஒரே வேலை போய்விட்டது.

மூன்று கிழமை கழித்து ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. மகள் எடுத்தாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் சொன்னாள், ஒரு மிசியூ கதைக்கிறார், ஏதோ பெயர் சொல்கிறார், எனக்குத் தெரியாத ஆரோ.

குரல் தூரத்திலிருந்து வந்தது. விமானம் இறங்கினதும் இரண்டு நாள் வைத்து விசாரித்தார்களாம். இன்னும் வந்து வந்து விசாரிக்கிறார்களாம். மகளின் கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். இவ்வளவையும் யாருக்கோ நடந்தது போலச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நான் போகாததாலை உமக்கு வேலை போட்டுதோ, தம்பி?"

"ஓம், அண்ணை."

"எட்டு வருசம் வடிவாய் வைச்சிருந்தனான்," என்றார். "கடைசியிலை உம்மடை பேரைக் கெடுத்துப்போட்டன். குறை நினையாதையும்."

அதன் பிறகு அந்த இலக்கத்துக்கு எத்தனையோ தடவை எடுத்துவிட்டேன். அது வேலை செய்வதில்லை.

வசந்தத்தில் என் குடியுரிமை வந்தது. சான்றிதழ் கொடுக்கிற மண்டபத்தில் தேசிய கீதம் பாடினார்கள், நான் வாயை மட்டும் அசைத்தேன். பழக்கம்தானே. ஆளில்லாத இடத்தில் ஆள் இருப்பதாகக் காட்டுவதில் எனக்கு எட்டு வருட அனுபவம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சிட்டை எடுத்துக்கொண்டு ஐயருக்கு முன்னால் நின்று, "செவ்வாய்க்கிழமையிலை வாற அண்ணைக்கு, ஐயா. கட்டை ஆள். ரெண்டு விரல் வளைஞ்சிருக்கும்," என்றேன்.

ஐயரின் முகம் மலர்ந்தது. "ஓ, தயாபரனுக்கோ? கன நாளாய்க் காணேல்லை. சுகமில்லையோ?" பதிலுக்குக் காத்திராமல் பூவை எடுத்துக்கொண்டு, "தயாபரன், சதய நட்சத்திரம்..." என்று தொடங்கிவிட்டார்.

"இல்லை, ஐயா. அது அவற்றை பேர் இல்லை."

ஐயர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் அண்ணையின் சொந்தப் பெயரைச் சொன்னேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இங்கே எழுதாமல் விடுகிறேன். அந்தப் பெயருக்காகக் கையெழுத்து வைக்க வேண்டிய கடதாசி ஒன்று இருந்தது, அதில் வேண்டிய நாளில் நான் வைக்கவில்லை.

"நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

என் நட்சத்திரத்தை அண்ணை முதல் கிழமையே கேட்டு வைத்திருந்தார். நான் ஒருநாளும் கேட்கவில்லை.

"தெரியாது, ஐயா."

"பரவாயில்லை," என்று ஐயர் மணியை எடுத்தார். "தெரியாட்டி, சுவாமி பேரிலையே செய்வம்."